படுத்துக்கொள்ளும் உரிமை

1918ஆம் ஆண்டு, தமிழ்க் கணக்கில் காளயுக்தி. அந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்துப்போனது. நான்காண்டுகளாக நடந்துகொண்டிருந்த உலகப்போரால் அரிசி, துணி, மண்ணெண்ணெய் என்று எல்லாவற்றின் விலையும் ஏறிக்கிடந்தது. செப்டம்பரில் சென்னையில் மக்கள் தானியக் கடைகளைச் சூறையாடினார்கள். அரைவயிற்றுக் கஞ்சியோடு கிடந்த நாட்டுக்குள் அதே செப்டம்பரில்தான் இன்ஃபுளுயன்சா இரண்டாம் முறையாகப் புகுந்தது.

முதல் முறை அது தலைகாட்டியது ஜூனில், பம்பாயில். காவலர்கள் சிலர் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மூன்று நாள் காய்ச்சல், மேல்வலி, தடுமம் என்று கிடந்துவிட்டுப் பெரும்பாலோர் எழுந்துவிட்டார்கள். செப்டம்பரில் திரும்பி வந்தது வேறு மாதிரி இருந்தது. காய்ச்சல் கண்ட சில நாள்களிலேயே நெஞ்சில் சளி கட்டி, மூச்சு திணறி, உதடும் முகமும் நீலம் பாரித்துத் திடகாத்திரமானவர்கள் செத்தார்கள். வழக்கமான சளிக்காய்ச்சல் கிழவரையும் கைக்குழந்தையையும் முதலில் கொண்டுபோகும். இது இருபதிலிருந்து நாற்பது வயதுக்காரர்களை அதிகம் கொண்டுபோனது. ரயில் போன வழியெல்லாம் அதுவும் போனது.

அரசின் தொடக்கக் கணக்கு ஏறத்தாழ 60 லட்சம் பேர் இறந்ததாகச் சொன்னது. பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 2 கோடி வரை போகின்றன. இந்தியாவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முறையாகத் தொடங்கிய பிறகு, பத்தாண்டு முடிவில் மக்கள்தொகை குறைந்திருந்தது ஒரே ஒரு முறைதான்: 1911க்கும் 1921க்கும் இடையில். பம்பாய், மத்திய மாகாணங்களோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தில் சாவு குறைவு. குறைவு என்பதே லட்சங்களில்தான்.

இந்தக் கணக்குகளுக்குள் இன்னொரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் அந்தக் காய்ச்சலால் பெண்களைவிட ஆண்கள் அதிகம் இறந்தார்கள். இந்தியாவில் அது தலைகீழாக இருந்தது. இங்கே பெண்கள் அதிகம் இறந்தார்கள். 1918ஐப் பற்றி 1986இல் விரிவாக எழுதிய ஐ.டி. மில்ஸ் உட்படப் பல வரலாற்றாசிரியர்கள் இதைக் குறித்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. பஞ்ச காலத்தில் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டவள் பெண். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவள் பெண். தனக்குக் காய்ச்சல் வந்த பிறகும் எழுந்து அடுப்பு மூட்டியவள் பெண்.

நான் கவிதை எழுதுகிறவள், கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவள். மக்கள்தொகை அறிஞர்களின் அட்டவணைகளை ஒரு வாசகியாகத்தான் படிக்கிறேன். அப்படிப் படிக்கும்போது எனக்குள் எழுந்த கேள்வி இது: காய்ச்சலுக்கு உலகம் முழுவதும் சொல்லப்படும் முதல் மருத்துவம் ஓய்வு. அந்த ஓய்வு நம் வீடுகளில் யாருக்குக் கிடைத்தது? படுத்துக்கொள்ளும் உரிமைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை நான் வாழும் பகுதியிலிருந்து, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நின்றுகொண்டு, யோசித்துப் பார்க்கிறேன்.

காய்ச்சல் என்ற ஒரே பத்தி

1918இல் இந்த இரண்டு ஊர்களும் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து 1910இல் உருவாக்கிய மாவட்டம் அது. விருதுநகர் மாவட்டம் பிறந்தது 1985இல்தான். விருதுநகரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் போகும் ரயில்பாதை 1927இல் வந்தது. அதற்கு முன் ரயிலேற வேண்டுமானால் விருதுபட்டிக்கோ சாத்தூருக்கோ மாட்டுவண்டியில் போக வேண்டும். பஞ்சும் மிளகாயும் ஏற்றிப் போன வண்டிகள் ரயிலடியிலிருந்து ஆட்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு திரும்பின. மேற்கே மலை, கிழக்கே கரிசல். நடுவில் இருந்த இந்த ஊர்களை வெளியுலகத்தோடு இணைத்தவை சந்தையும் திருவிழாவும்தான்.

அன்று கிராமத்துச் சாவுகளைப் பதிந்தவர்கள் கிராம முன்சீப்புகள். பதிவேட்டில் சாவுக்கான காரணங்கள் சிலதான்: காலரா, பெரியம்மை, பிளேக், வயிற்றுப்போக்கு, மூச்சு சம்பந்தமான நோய், விபத்து, காய்ச்சல். பெயர் தெரியாத நோய் எல்லாம் கடைசியில் ‘காய்ச்சல்’ என்ற பத்தியில் போய் விழும். மலேரியாவும் காய்ச்சல்தான், பிள்ளை பெற்ற ஜன்னியும் காய்ச்சல்தான், இன்ஃபுளுயன்சாவும் காய்ச்சல்தான். முன்சீப்பும் காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்தப் பத்தியும் இல்லை. அதனால்தான் இறந்தவர்களின் எண்ணிக்கையில் இத்தனை பெரிய வேறுபாடு. மற்ற ஆண்டுகளின் சராசரியை வைத்து, அதற்கு மேல் கூடிப்போன சாவுகளைக் கழித்துப் பார்த்துத்தான் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

அந்தப் பதிவேடு ஆணா பெண்ணா என்று கேட்டது. என்ன வயது என்று கேட்டது. யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை. கர்ப்பமாக இருந்தாளா என்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அமெரிக்க மருத்துவர் ஒருவர் 1919இல் காய்ச்சல் கண்ட 1,350 கர்ப்பிணிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். அவர்களில் நூற்றுக்கு 27 பேர் இறந்திருந்தார்கள். காய்ச்சல் நிமோனியாவாக மாறியவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். இருபது வயதுக்குள் இரண்டு மூன்று பிரசவம் கண்டுவிடும் நம் ஊர்ப் பெண்களுக்கு அந்தக் காய்ச்சல் என்ன செய்திருக்கும் என்பதை இந்த எண்களிலிருந்து ஊகிக்கலாம். 1919இல் இந்தியா முழுவதும் பிறப்பு விகிதம் சட்டென்று விழுந்தது. பிறக்காமல் போன அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் இறந்துபோன தாய்கள் இருக்கிறார்கள்.

பெண்ணைத் தொட்டுப் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற நிலைமை வேறு. முத்துலட்சுமி ரெட்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று அப்போது ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கென்று ஒரு மருத்துவப் பள்ளியைத் திறந்தது அதே 1918 ஆகஸ்டில். முதல் வகுப்பில் இருபது பேர்கூட இல்லை. அவர்கள் எலும்புகளின் பெயர்களைப் படிக்கத் தொடங்கிய மாதங்களில்தான் நாடு முழுவதும் இந்தக் காய்ச்சல் பரவியது.

அந்தக் காய்ச்சலைப் பற்றிய மிக உருக்கமான இலக்கியப் பதிவு இந்தியில் இருக்கிறது. கவிஞர் நிராலா தன் மனைவி மனோகரா தேவியையும் உறவினர் பலரையும் அதில் இழந்தார். கங்கையில் பிணங்கள் மிதந்ததைத் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதினார். வங்காளத்தில் வளர்ந்த அவரை இந்தியின் பக்கம் திருப்பியவள் அந்த மனைவிதான் என்பார்கள். அவளுக்குக் காய்ச்சல் கண்ட நாள்கள் எப்படிப் போயின என்று எழுத அவள் இருக்கவில்லை. நமக்குக் கிடைப்பதெல்லாம் கணவன் எழுதிய சில வரிகள்.

அரசனின் வெப்பும் ஆண்டாளின் வாட்டமும்

தமிழ் இலக்கியத்தில் காய்ச்சலுக்குப் பஞ்சமில்லை. சங்கப் பாடல்களில் சுரம் என்றால் பாலைநிலத்து வழி. உடம்பில் வரும் சுரம் வடமொழி ஜ்வரத்திலிருந்து வந்த வேறு சொல். ஆனால் இரண்டும் தமிழில் ஒரே எழுத்துகளில் வந்து நிற்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. இரண்டிலும் வெக்கை, தாகம், வழி தெரியாத தனிமை.

அகப்பாடல்களில் நோயை முதலில் கண்டுபிடிப்பவள் தாய். மகள் மெலிகிறாள், வளை நெகிழ்கிறது, மேனி நிறம் மாறுகிறது என்று அவள்தான் கவனிக்கிறாள். அவள்தான் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள், வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துகிறாள். நோய் காதல் நோய், அது தாய்க்குத் தெரியாது என்பது பாட்டின் வேடிக்கை. வேடிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஒரு வீட்டின் நோய்க்காவலாகத் தாய் நிற்பது தெரியும். சரி, தாய்க்கே நோய் வந்தால்? அதற்கு அக மரபில் துறை இல்லை.

பெரியபுராணத்தில் பாண்டியனுக்கு வெப்புநோய் வருகிறது. மதுரையே அல்லோலகல்லோலப்படுகிறது. அரசி மங்கையர்க்கரசி தவிக்கிறாள், அமைச்சர் ஓடுகிறார், சமணர் மயிற்பீலி கொண்டு தடவுகிறார்கள், ஞானசம்பந்தர் திருநீறு பூசுகிறார். ஓர் அரசன் காய்ச்சலில் படுத்தால் அது சமய வரலாறாகவே ஆகிவிடுகிறது. சிவன் கோவில் பலவற்றில் காய்ச்சலுக்கென்று ஜுரகரேஸ்வரர் நிற்கிறார், மூன்று தலை, மூன்று கால். அவருக்கு மிளகு ரசம் படைப்பார்கள். காய்ச்சலுக்குக் கடவுளே வந்தாலும் ரசம் வைக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

இந்த வரிசையில் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஒருத்தி தனியாகத் தெரிகிறாள். நாச்சியார் திருமொழியின் பதின்மூன்றாம் திருமொழியில் ஆண்டாள் நோயாளியாகப் பேசுகிறாள். சுற்றி நின்று வாய்க்கு வந்ததைப் பேசாதீர்கள் என்று தொடங்குகிறாள். கண்ணன் உடுத்த ஆடையைக் கொண்டுவந்து என்மேல் வீசுங்கள், அவன் சூடிய துளசியைக் கொண்டுவந்து என் குழலில் வையுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறாள். பக்தி என்றும் காதல் என்றும் இதை நாம் பலவாறு படித்திருக்கிறோம். எனக்கு வேறொன்றும் தெரிகிறது. படுத்துக்கிடக்கும் பெண் தன்னைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, எனக்கு இதைச் செய்யுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கிறாள். தன் மருந்தைத் தானே சொல்கிறாள். எழுந்திருக்கச் சொல்லி அவளை யாரும் அதட்டவில்லை, உலையில் அரிசி போட வேண்டிய பொறுப்பும் அவளுக்கு இல்லை. அவள் பெரியாழ்வாரின் செல்ல மகள். அந்தக் கோபுரத்தின் நிழலில் வாழ்ந்த எத்தனை பெண்களுக்கு அப்படிப் படுத்துக்கொண்டு கேட்க முடிந்திருக்கும்?

‘மேலுக்கு முடியல’

எங்கள் பக்கம் காய்ச்சல் என்று யாரும் உடனே சொல்லிவிட மாட்டார்கள். ‘மேலுக்கு முடியல’ என்பார்கள். சளி பிடித்தால் தடுமம், தலைவலி என்றால் மண்டையிடி. கை கால் ஓய்ந்துபோச்சு, அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, தொண்டை கரகரங்குது, குளிரி நடுக்குது. மருத்துவ நூல்கள் இன்ஃபுளுயன்சாவுக்குச் சொல்லும் அறிகுறிகள் அத்தனையும் இந்தப் பேச்சில் இருக்கின்றன: திடீரென்று ஏறும் காய்ச்சல், வறட்டு இருமல், தலைவலி, தசைவலி, தொண்டை வலி, மிகுந்த அயர்ச்சி. கிருமி உள்ளே போய் ஒன்றிலிருந்து நான்கு நாள்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அது பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். அதன் பிறகு ஐந்து முதல் ஏழு நாள் வரை தொற்றும். தெற்கே இதற்குப் பருவம் வடகிழக்கு மழையை ஒட்டியது. 1918இன் கொடிய அலை உச்சம் தொட்டதும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான்.

என் மாணவிகளுக்கு ஒரு முறை வகுப்புப் பயிற்சி ஒன்று கொடுத்தேன். வீட்டிலோ தெருவிலோ இருக்கும் அறுபது வயது தாண்டிய பெண்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டு எழுதி வர வேண்டும். காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன செய்வீர்கள்? உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது எத்தனை நாள் படுத்தீர்கள்? முதல் கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் வந்தது. சுக்கு தட்டிக் காப்பி, மிளகு ரசம், கற்பூரவல்லிச் சாறு, நொச்சி இலை போட்டு ஆவி, நெற்றியில் ஈரத்துணி, பனங்கற்கண்டுப் பால், வடித்த கஞ்சியில் உப்பு. பிள்ளைக்கு எது, கிழவருக்கு எது, பிள்ளை பெற்றவளுக்கு எது என்ற பிரிவுகூட இருந்தது. இரண்டாம் கேள்விக்கு வந்தவை ஒற்றை வரிகள். ‘படுத்தா யாரு பாக்குறது?’ என்பதைப் பலரும் ஏறக்குறைய அதே சொற்களில் சொல்லியிருந்தார்கள். ஒரு பாட்டி மட்டும், ‘பேறுகாலத்துலதான் படுத்தேன்’ என்று சொல்லியிருந்தார்.

இந்தக் கைவைத்தியங்களை நான் கேலி செய்ய வரவில்லை. அவை தொண்டைக்கு இதம் தருகின்றன, நீர் வறளாமல் பார்த்துக்கொள்கின்றன. ஆவி பிடித்தால் மூக்கடைப்பு விலகும், கிருமி சாகாது. நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்கு, கபசுரக் குடிநீரில் பதினைந்து சரக்கு என்று அரசே கொடுத்த காலங்களில்கூட அவற்றை இடித்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆற்றி, ‘கசக்குது’ என்று ஓடும் பிள்ளையைப் பிடித்து ஊற்றிய உழைப்பை யாரும் ஒரு சரக்காகக் கணக்கில் சேர்க்கவில்லை.

தடுப்புப் பழக்கங்களும் அப்படித்தான். கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள் என்கிறார்கள். நல்ல அறிவுரை. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் அதற்கு ஆகும்? அய்யனார் கோவில் ஆற்றை நம்பியிருக்கும் ராஜபாளையத்தில் கோடையில் குழாய் வரும் நேரத்துக்குக் காத்திருந்து பிடித்து வைப்பது யார்? நோயாளியின் தட்டையும் தம்ளரையும் தனியாக வையுங்கள், துணியை வெந்நீரில் அலசுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், நோயாளிக்கு நீராகாரம் அடிக்கடி கொடுங்கள். எல்லாமே செய்ய வேண்டியவைதான். எழுவாய் இல்லாத வாக்கியங்கள் இவை. இலக்கணத்தில் இதைத் தோன்றா எழுவாய் என்போம். வீட்டில் அந்த எழுவாய் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். இது நோய் இல்லாத நாளின் கணக்கு. வீட்டில் இரண்டு பேர் காய்ச்சலில் கிடக்கும் நாளில் எந்தப் பக்கத்து எண் ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தூரமும் இடைவெளியும்

நோயாளியை ஒதுக்கி வைப்பது நமக்குத் தெரியாத பழக்கம் இல்லை. அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை தொங்கும். வேற்றாள் உள்ளே வர மாட்டார்கள், அந்த வீட்டார் வெளியே விசேஷங்களுக்குப் போக மாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அடுப்பில் தாளிப்பு இருக்காது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு காத்திருப்பார்கள். நம்பிக்கையின் பெயரால் ஒரு குடும்பமே வீட்டுக்குள் அடங்கியிருக்கும் ஏற்பாடு அது. அம்மைக்கு முத்து என்ற கண்கண்ட அடையாளம் இருந்தது. இன்ஃபுளுயன்சாவுக்கு உடம்பில் அப்படி எதுவும் தெரியாது. தடுமம்தானே என்று எல்லோரும் கலந்து பழகும் வேளையில்தான் அது பரவுகிறது.

நம் சமூகம் ஒதுக்கி வைக்கும் கலையில் கைதேர்ந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். டீக்கடைகளில் இரட்டை தம்ளர் எந்த நோய்க்காக வைக்கப்பட்டது? 2020இல் ‘சமூக இடைவெளி’ என்ற சொல் தெருவெங்கும் ஒலிபெருக்கியில் கேட்டபோது, தலைமுறை தலைமுறையாக அந்த இடைவெளியைச் சுமந்தவர்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதே நாள்களில் எல்லோர் வீட்டுக் குப்பையையும் தொட்டு எடுத்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அவர்களில் பெண்கள் ஏராளம். அவர்கள் சாதி என்ன என்று கேட்டால் விடை வேறு வேறாக வராது.

பெண்ணுக்கோ ‘தூரம்’ என்ற சொல்லே தனியாக இருந்தது. மாதவிலக்கு நாள்களில் திண்ணையிலோ கொல்லையிலோ தனிப்பாய், தனித்தட்டு, தனிச்செம்பு. அடுப்படிக்கு வரக் கூடாது, யாரையும் தொடக் கூடாது. அந்த மூன்று நாளும் வேறு யாரோ சமைத்தார்கள், குடும்பம் பட்டினி கிடக்கவில்லை. நோயே இல்லாத உடம்பை மாதந்தோறும் ஒதுக்கி வைக்கத் தெரிந்த வீட்டுக்கு, அதே உடம்பு காய்ச்சலில் கொதிக்கும்போது ஐந்து நாள் ஒதுக்கி வைத்து ஓய்வு கொடுக்கத் தெரியவில்லை. தீட்டு என்றால் அவள் அடுப்பைத் தொடக் கூடாது, காய்ச்சல் என்றால் தொட்டே ஆக வேண்டும். இதில் சுகாதாரம் எங்கே இருக்கிறது? அவள் உடம்பின் மேல் யாருக்கு அதிகாரம் என்பதுதான் இரண்டு விதிகளுக்கும் அடியில் இருக்கிறது.

வாயை மூடும் துணி

1910இன் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது, பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியென் தே, பஞ்சை வலைத்துணியில் மடித்து முகக்கவசமாகக் கட்டச் சொன்னார். 1918இல் சான் பிரான்சிஸ்கோ போன்ற அமெரிக்க நகரங்களில் அப்படிப்பட்ட வலைத்துணிக் கவசம் இல்லாமல் வெளியே போனால் அபராதம். உலகம் தன் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளக் கற்றது இந்த மெல்லிய பருத்தித் துணியால்தான்.

அந்தத் துணி இன்று எங்கள் ஊர்ப்பக்கத்துச் சரக்கு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியும் சுற்றுப்புற ஊர்களும் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்கும் காஸ் துணிக்கும் பெயர்போனவை. தெருவில் நடந்தால் விசைத்தறிச் சத்தம் கூடவே வரும். நூல் சுற்றுவது, துணியை மடிப்பது, வெட்டுவது, உருட்டுவது, பொட்டலம் கட்டுவது போன்ற வேலைகளில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறும் வேலை இது. ஆண்டு முழுவதும் இருமுகிற பெண்ணுக்கு எந்த இருமல் தறியால் வந்தது, எது காய்ச்சலால் வந்தது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. பிறர் புண்ணுக்குக் கட்டும் துணியை நெய்யும் ஊரில் தன் காய்ச்சலுக்கு ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போயிற்று.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின்படி காப்பீடு பெற்ற தொழிலாளி நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஆலைக்கு அது பொருந்தும். பெரிய நூற்பாலையில் நிரந்தர வேலையில் இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது. வீட்டிலேயே நான்கு தறி போட்டு ஓட்டும் குடும்பத்தின் பெண்ணுக்கும், வீட்டில் உட்கார்ந்து எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கும் அப்படி ஒரு கதவே இல்லை. 2020இல் தமிழ்நாடெங்கும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் லட்சக்கணக்கில் முகக்கவசம் தைத்தன. அந்தப் பெண்களைப் பாராட்டிப் பேசினார்கள். பாராட்டு வேண்டியதுதான். அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் கூலி யார் தருவார்கள் என்பதையும் அன்றே பேசியிருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகின் மருத்துவ, சமூகப் பராமரிப்புப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள். வீட்டுக்குள் சம்பளமில்லாமல், வெளியே குறைந்த சம்பளத்தில், இரண்டு இடத்திலும் நோயின் பக்கத்தில் நிற்பவள் அவளே. 1918இல் இந்தியப் பெண்களைக் கொன்றதில் கிருமிக்குப் பாதிப் பங்குதான். மீதியை இந்த வேலைப்பிரிவினை செய்தது.

அவள் படுத்தால்

2009இல் பன்றிக்காய்ச்சல் என்ற பெயரில் புதிய இன்ஃபுளுயன்சா வந்தபோது மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. லேசான காய்ச்சலும் சளியும் என்றால் வீட்டிலேயே ஓய்வு. கர்ப்பிணி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர், நீரிழிவோ இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர் என்றால் லேசான காய்ச்சலாக இருந்தாலும் மருத்துவரிடம் போய் மாத்திரை தொடங்க வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், தூங்கி வழியும் மயக்கம், நகம் நீலம் பாரித்தல் என்றால் உடனே மருத்துவமனை. 1918இல் இந்த அறிகுறிகளைப் பார்த்தவர்களால் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது. இன்ஃபுளுயன்சா வைரஸை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்ததே 1933இல்தான். இன்று மருந்து இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளும் தடுப்பூசி இருக்கிறது. தடுப்பூசியில் கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2012இலேயே அறிவுறுத்தியது.

இவ்வளவும் இருந்தும் ஒரு பெண் சி பிரிவுக்கு வந்த பிறகுதான் வீடு அவளைக் கவனிக்கிறது என்றால், ஏ பிரிவில் அவளுக்குச் சொல்லப்பட்ட ஓய்வு நடக்கவில்லை என்று பொருள். ‘எனக்கென்ன, சும்மா தடுமம்’ என்று அவளே சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்ல அவளுக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கியிருக்கிறோம். தாங்கிக்கொள்பவள் நல்லவள் என்று கதையிலும் பாட்டிலும் சினிமாவிலும் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். நான் வகுப்பில் நடத்தும் பாடங்களிலும் அது இருக்கிறது. அந்தப் பாடங்களை நடத்தும்போதே அவற்றை மறுத்துப் பேசவும் வேண்டியிருக்கிறது.

ஆகவே இதைப் படிக்கும் மாணவிகளுக்கு இரண்டு சொல்வேன். ஒன்று, வீட்டு வரலாறு எழுதுங்கள். அரசுப் பதிவேடு கேட்காத கேள்விகளை நீங்கள் கேளுங்கள். உங்கள் வீட்டில் பெரிய காய்ச்சல் வந்த ஆண்டில் யார் முதலில் படுத்தார்கள், யார் கடைசியில் படுத்தார்கள், யார் படுக்கவே இல்லை, அப்போது சமைத்தது யார், தண்ணீர் எடுத்தது யார் என்று கேட்டு, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நூறு வீட்டு நோட்டுகள் சேர்ந்தால் அது ஓர் ஊரின் ஆவணம்.

இரண்டாவது, அடுத்த காய்ச்சல் பருவத்துக்கு முன்பே வீட்டில் பேசி வையுங்கள். அம்மா படுத்தால் அடுப்பு யாருடையது, தண்ணீர் யாருடையது, தங்கை தம்பியைப் பார்த்துக்கொள்வது யார் என்று ஆண்களும் உட்கார்ந்திருக்கும்போது பெயர் சொல்லிப் பிரியுங்கள். அண்ணனுக்கும் அப்பாவுக்கும் கஞ்சி வைக்கத் தெரியாது என்றால் அது காய்ச்சல் இல்லாத நாளில் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. ஒரு பங்கு அரிசி நொய்க்குப் பத்துப் பங்கு தண்ணீர், உப்பு, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான். அம்மாவுக்கு மேலுக்கு முடியவில்லை என்று தெரிந்த அன்றே அவளுக்குப் பாயை விரித்துக் கொடுங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் அந்தப் பாயைச் சுருட்டாதீர்கள்.